மைதானத்துக்கு யார் வரவில்லை?

மதுரையைச் சுற்றி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கண்மாய்க்கரையிலோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ ஒரு மைதானம் இருக்கும். ஒரு பக்கம் வாலிபால் நெட், இன்னொரு பக்கம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட். "யாரு வேணும்னாலும் வந்து விளையாடலாம்ணே, நாங்க யாரையும் வேணாம்னு சொன்னதில்ல" என்பார்கள். சொன்னதில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே நிற்கிறவர்களை எண்ணினால் பதினேழிலிருந்து முப்பது வயதுக்குள் உள்ள ஆண்கள், அதிலும் ஒன்றிரண்டு தெருக்காரர்கள். பெண் பிள்ளைகள் கிடையாது. காது கேளாத பையன் திண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். காலனிப் பையன்கள் தனியாக வேறெங்கோ ஆடுவார்கள். வாயால் யாரும் தடுக்கவில்லை. இடம், நேரம், வெளிச்சம், கழிப்பறை, பஸ், பனியன் நிறம் எல்லாம் சேர்ந்து தடுத்துவிட்டன. இவற்றில் பலவற்றை ஊருக்குள்ளேயே சரிசெய்துவிடலாம், பெரிய பணமும் வேண்டாம்.

கபடியை வைத்தே இதை எழுதுகிறோம். சாமான் எதுவும் வேண்டாம், ஊருக்கு ஊர் தெரிந்த ஆட்டம், தொடாமல் ஆட முடியாத ஆட்டம். இந்தக் கடைசிக் காரணம் எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை.

முதலில் இடம். மந்தையிலோ கோயில் திடலிலோ ஆரம்பிக்காதீர்கள். அந்த இடங்கள் யாருடையவை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்; பயிற்சி தொடங்கும் முன்பே பாதிப் பிள்ளைகள் கழிந்துவிடுவார்கள். கண்மாய்க்கரைத் திடல் பொதுவானதுதான், ஆனால் ராத்திரி அங்கே குடிக்கிறவர்கள் உண்டு. காலையில் பார்த்தால் உடைந்த பாட்டில் சில்லு கிடக்கும். கபடியில் வெறுங்காலோடு விழுந்து புரள வேண்டும், முழங்காலில் ஒரு சில்லு ஏறினால் அந்தப் பிள்ளையை வீட்டில் மறுபடி அனுப்ப மாட்டார்கள். அதனால் முதல் தேர்வு எப்போதும் அரசுப் பள்ளி வளாகம்தான். கேட் இருக்கும், கழிப்பறை இருக்கும், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏற்கெனவே வந்து போகும் இடம். பி.டி. டீச்சரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்பதோடு விடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் கிழமை, நேரம், பொறுப்பாளர் பெயர், சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் எழுதி மனுவாகக் கொடுங்கள். தலைமையாசிரியர் மாறினால் வாய்மொழி அனுமதி அவரோடு போய்விடும்.

அடுத்து களம். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆண்களுக்கு 13-க்கு 10. ஆண்கள் களத்தையே பெண் பிள்ளைகளுக்கும் கொடுத்து ஆடவிடுகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது, அது தப்பு. அகலம் கூடினால் பிடிக்கிறவர்களால் மறிக்க முடியாது. பாடி வருகிறவள் தொட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருப்பாள், பிடி என்ற கலையே வளராது. நான்கு முளை அடித்துக் கயிறு கட்டியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் 14.42 மீட்டர் வந்தால் களம் கோணலில்லை. நடுக்கோடு 6 மீட்டரில். அதிலிருந்து இரண்டு பக்கமும் 3 மீட்டரில் பாக் லைன், பாடி வருகிறவள் தாண்டியாக வேண்டிய கோடு. அதற்குப் பின்னால் 1 மீட்டரில் போனஸ் கோடு, கூடுதல் புள்ளிக்கானது. நீளவாட்டில் இரு ஓரமும் ஒரு மீட்டர் லாபி, தொட்டபின் மட்டுமே கால் வைக்கலாம் என்கிற பட்டை. லாபி இந்த 8 மீட்டருக்குள்ளேயே அடங்கும், வெளியே சேர்த்து வரைந்துவிடக் கூடாது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் நின்றுபோவதற்குக் காயம் பெரிய காரணம். களத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சேர்த்து 14-க்கு 10 மீட்டர் கொத்திக் கல் பொறுக்கிவிட்டு, பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு நல்ல மண் போட வேண்டும். கணக்குப் போட்டால் 14 கன மீட்டர், அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஐந்து யூனிட். டிராக்டர் டிப்பரில் லோடுக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் ஐந்து லோடு. மூன்று பங்கு சலித்த செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல். மணல் விலை கட்டாது என்று எம்-சாண்ட் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம், அது உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும், தோலை உரித்துவிடும். மணல் கிடைக்காவிட்டால் மரத்தூள் கலக்கலாம். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். வெயிலில் வெடிப்பு விடும், வெடிப்பில் பெருவிரல் மாட்டிப் பிசகும், மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். அங்கே மேல்மண்ணை அள்ளிவிட்டுச் செம்மண்தான் கொட்ட வேண்டும், கலந்து சமாளிக்க முடியாது. கண்மாய் வண்டலும் அப்படித்தான், வயலுக்குத் தங்கம், களத்துக்கு ஆகாது. மண் போட்டபின் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தினமும் ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் லேசாகத் தெளித்து, எல்லோரும் வரிசையாக நடந்து முள் பொறுக்க வேண்டும். சீமைக்கருவேலம் பக்கத்தில் இருந்தால் ஆடுமாடு காலோடு முள் வந்துகொண்டே இருக்கும்.

கோடு போடச் சுண்ணாம்பு கூடாது. முகம் குப்புற விழுகிற ஆட்டம் இது, சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கோலமாவு போதும். மங்கினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள் நம்மைவிட நேராகப் போடுவார்கள்.

இப்போது நேரம். காலைப் பயிற்சி பையன்களுக்குச் சரி. பெண் பிள்ளைகளுக்குக் காலை ஆறு மணி என்பது தண்ணீர் பிடிக்கிற, அடுப்பைப் பார்த்துக்கொள்கிற, தம்பியைக் கிளப்புகிற நேரம். ஆகவே பள்ளி விட்டதும் நேராகக் களத்துக்கு வர வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னால் வேலை பிடித்துக்கொள்ளும், திரும்பி வர முடியாது. முடிக்கிற நேரத்தை கடிகாரத்தை வைத்து வைக்காதீர்கள், இருட்டை வைத்து வையுங்கள். ஜூன் மாதம் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது விழுந்துவிடும், அப்போது ஐந்தரைக்கு முடித்தால்தான் பிள்ளை வெளிச்சத்தில் வீடு சேரும். ஜூனில் வந்த பிள்ளை தீபாவளிக்கு அப்புறம் காணோம் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆர்வம் குறைந்ததல்ல. பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் டவுன் பஸ் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் முன்னால் விசில் அடியுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருகிற துணைக்கும் அது பொருந்தும். சில வீடுகளில் இந்தத் துணை விஷயம் இன்னும் தெரியாது. சொல்லுங்கள், பார்வையில்லாத பிள்ளையை அம்மா கூட்டி வருவதற்கு அதுவே போதுமான காரணமாகிவிடும்.

கழிப்பறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பள்ளி விட்டதும் வாட்ச்மேன் பூட்டிவிடுவார். சாவி ஒன்று பொறுப்பாளர் அக்காவிடம் இருக்கட்டும். நாப்கின் ஒரு பாக்கெட் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கலாம், தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லாமல். வராத நாளுக்குக் காரணம் கேட்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கமாகட்டும் மேலூர்ப் பக்கமாகட்டும், பிள்ளை வயதுக்கு வந்ததும் ஆட்டம் நிற்கிறது. சடங்கு முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு பெண் பயிற்சியாளரோ மூத்த வீராங்கனையோ வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் பேச வேண்டும். ஆண் மாஸ்டர் போய்ப் பேசினால் காரியம் கெட்டுவிடும். "எப்ப அனுப்புவீங்க" என்று கேட்பதைவிட, "திங்கக்கெழமையிலருந்து நானே வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை, நானே கொண்டாந்து விட்டுர்றேன்" என்பதுதான் வேலை செய்யும்.

உடுப்பில் முதல் நாளே ஷார்ட்ஸ் என்று நிற்க வேண்டாம். டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போதும், ஷார்ட்ஸுக்குக் கீழே லெக்கின்ஸ் போட்டால் ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. ஆறு மாதத்தில் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், மாற்றாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் தொளதொள உடுப்பு ஆகாது. விரல் மாட்டினால் விரல்தான் ஒடியும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கொலுசு, வளையல், தோடு, இரும்பு கிளிப், தாயத்து, கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில். ரெட்டைச் சடையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மாவட்டங்களில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும். 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. களத்தில் இதை ஒரு விவாதமாக்கினால் முதல் வாரமே செட்டு உடையும். "கையில ஒண்ணும் இருக்கக் கூடாது, விரல் மாட்டும்" என்று காப்பு, வாட்ச், வளையலோடு சேர்த்து ஒரே விதியாகப் போட்டுவிடுங்கள். அது உண்மையும்கூட. பனியன் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். இரட்டை வண்ணம் எதுவும் வேண்டாம். ஊரில் எந்தக் கொடியிலும் இல்லாத ஒற்றை நிறமாக, சாம்பல், கருநீலம் மாதிரி எடுத்து, முதுகில் எண் மட்டும் போடுங்கள். ஸ்பான்சர் கொடுக்கிறவர் தன் படத்தையும் தலைவர் படத்தையும் போடச் சொல்வார். அந்தப் பணம் வேண்டாம்.

செட்டு பிரிப்பதைக் கேப்டன்கள் கையில் விட்டால் அரைமணியில் தெருவுக்கு ஒரு செட்டாகிவிடும். வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியுங்கள். கூட்டாளிகள் இதைப் புரிந்துகொண்டு இடம் மாற்றி நிற்பார்கள், அப்போது எடை வரிசையில் நிறுத்தி எண்ணுங்கள். இதில் இன்னொரு லாபம், இரண்டு பக்கமும் எடை சமமாகிவிடும். தண்ணீருக்குக் குழாய் வைத்த இருபது லிட்டர் கேன் ஒன்று, இருபது பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக்குக் கணக்கு. பக்கத்தில் ஒரே ஒரு டம்ளர்.

முதல் இரண்டு வாரம் பிடி கிடையாது. காலசைவு, தொடுதல், விழப் பழகுதல் மட்டும். பிறகு கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இரண்டு பேர் கைகோத்துச் செய்கிற சங்கிலி. தலைமுடியையோ உடுப்பையோ பிடித்தாலும், காலால் கத்திரி போட்டாலும் ஃபவுல் என்பதை முதல் நாளிலிருந்து விசில் அடித்துச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் ஜவ்வு எளிதில் கிழியும். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்த்து, அரைக்குத்து உட்கார்ந்து இறங்கப் பழக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ரெய்டு, அதாவது பாடிப் போவதை மட்டும் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர்கள் அதிகம்.

காது கேளாத பிள்ளைகளுக்கு வருவோம். மதுரைக்காரர் ஜெர்லின் அனிகா, 2022-ல் பிரேசிலின் காக்ஸியாஸ் டோ சுல் நகரில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார். அதற்கப்புறம் ஊரில் எல்லோருக்கும் 'அவங்களும் ஆடலாம்' என்று தெரியும். எப்படிச் சேர்ப்பது என்பதுதான் தெரியாது. கபடியில் முதல் சிக்கல் பாட்டு. மூச்சுவிடாமல் நடுவருக்குக் கேட்கிற மாதிரி பாட வேண்டும் என்பது விதி. பேச்சு வராத பிள்ளை எப்படிப் பாடும்? பயிற்சியிலும் உள்ளூர் ஆட்டத்திலும் பாட்டை விட்டுவிட்டு, ரெய்டுக்கு உள்ள முப்பது விநாடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நடுவர் கொடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஐந்து விநாடி இருக்கும்போது பாதி இறக்க வேண்டும், முடிந்ததும் முழுசாக. இதை இரு செட்டுக்கும் பொதுவாக வையுங்கள், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை என்றால் அதுவே அவளை ஒதுக்கிவிடும். விசிலடித்தபின் ஆட்டம் நின்றது தெரியாமல் அந்தப் பிள்ளை பிடியை விடாமல் இருந்தால் முரட்டுத்தனம் என்று நினைத்து சண்டை வரும். அதனால் விசிலோடு கொடியும், பக்கத்தில் நிற்கிறவள் தோளில் இரண்டு தட்டும்.

பேசும்போது சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. சாயங்காலப் பயிற்சியில் மாஸ்டர் மேற்கே பார்த்து நிற்க வேண்டும், கண் கூசினாலும். காது மிஷின் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும், வியர்வையில் கெட்டும் போகும். பெயர் எழுதிய மூடி டப்பாவில் போட்டு வைத்து, முடிந்ததும் கையில் கொடுங்கள். ஆனால் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து தலைக்குள் கேட்கும் கருவி வைத்த பிள்ளையைக் கபடியில் இறக்காதீர்கள். வெளிக்கருவியைக் கழற்றலாம், உள்ளே இருப்பதைக் கழற்ற முடியாது. தலையில் ஒரு முழங்கால் பட்டால் மறுபடி ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்ன வயதிலேயே இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. காதுக்குப் பின்னால் தழும்பு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஓட்டம், பேட்மிண்டன்.

பார்வை குறைந்த பிள்ளைகளுக்குக் கபடி சரிப்படாது, அதே மைதானத்தில் ஓட்டம் சரிப்படும். இரண்டு முனையிலும் வளையம் போட்ட, இழுத்தால் நீளாத கயிறு, 30 சென்டிமீட்டருக்கு மிகாமல். ஒரு வளையம் பிள்ளை கையில், ஒன்று துணை ஓடுபவர் கையில். துணை இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது, கோட்டைப் பிள்ளைதான் முதலில் கடக்க வேண்டும். துணை ஓடுபவர் அவளைவிட வேகமானவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவரே பிரேக். பந்தாட்டத்துக்கு, பந்தின் சத்தத்தைக் கேட்டே உருட்டித் தடுத்து ஆடுகிற கோல்பால் நல்லது. களம் 18-க்கு 9 மீட்டர், பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோருக்கும் கண்கட்டு. மணி வைத்த அசல் பந்து 1.25 கிலோ, விலை அதிகம். பழகுவதற்குப் பழைய பேஸ்கெட்பாலைச் சரசரக்கிற பாலிதீன் உறையில் சுற்றிக் கட்டினால் போதும்; கேரி பேக் தடை என்பதால் பெரிய சிப்ஸ் பாக்கெட்டுகளை ஒட்டிக்கொள்ளலாம். கோட்டுக்கு அடியில் சணலை வைத்து மேலே டேப் ஒட்டினால் கையால் தடவித் தெரிந்துகொள்வார்கள். இதற்குச் சிமென்ட் தரை உள்ள கூடம் வேண்டும், முக்கியமாக நிசப்தம் வேண்டும். பங்குனியிலும் ஆடியிலும் குழாய் ரேடியோ கட்டிவிட்டால் அந்த வாரம் கோல்பால் இல்லை. சக்கர நாற்காலிக்கு மண் களம் எதிரி. வாசலிலிருந்து எறிகிற இடம் வரை இறுக்கிய பாதை போட்டு, 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு வைத்தால் குண்டு, தட்டு எறியலாம்.

போட்டிக்குப் போகும் கட்டத்தில்தான் பல செட்டுகள் கலைகின்றன. நம் ஊர்த் திருவிழாக் கபடி ராத்திரி முழுக்க ஓடும். 'பெண்கள் காட்சி ஆட்டம்' என்று நோட்டீஸில் ஒரு வரி போட்டிருப்பார்கள். ஆண்கள் ஆட்டம் இழுத்துக்கொண்டே போய் பிள்ளைகளை ஒரு மணிக்கு இறக்குவார்கள், சுற்றிலும் குடித்தவர்கள். ஒப்புக்கொள்ளும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: பெண்கள் ஆட்டம் மதியம் மூன்றிலிருந்து ஆறுக்குள் முடியுமா, உடை மாற்ற அறை எங்கே, நடுவரில் ஒருவராவது பெண்ணா, வேன் வாடகை முன்பணமாகக் கிடைக்குமா. பரிசுத்தொகை அப்புறம். கமிட்டி மழுப்பினால் போகாதீர்கள். நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் ஆறு செட்டை அழைத்து நடத்துங்கள். பெண்கள் ஆட்டம் பதினைந்து நிமிடம் இரண்டு பாதி, நடுவே ஐந்து நிமிடம். ஒரு ஆட்டத்துக்கு முக்கால் மணி வைத்தால் மூன்று மூன்றாக இரண்டு பிரிவு, பிறகு இறுதி, மொத்தம் ஏழு ஆட்டம். காலை எட்டுக்குத் தொடங்கி, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலுக்கு ஒதுங்கினாலும், ஐந்து மணிக்குள் பரிசளிப்பும் முடிந்துவிடும். நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள்.

"இதனால என்ன கெடைக்கும்" என்று அப்பாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் திருவிழாக் கோப்பைச் சான்றிதழ் அதற்கு உதவாது. அங்கீகாரம் பெற்ற போட்டிகள்தான் கணக்கு. அந்த ஏணியின் முதல் படி முதலமைச்சர் கோப்பை. அதில் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. பதிவு ஆன்லைனில், கடைசி நாள் நெருங்கினால் சர்வர் படுத்துவிடும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளை சேர்ந்த முதல் மாதமே பாருங்கள்; திருத்த வாரக்கணக்கில் ஆகும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு யு.டி.ஐ.டி. என்கிற தனித்துவ அடையாள அட்டை வேண்டும், அதில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் பதிவாகியிருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ முகாம் தேதி கேட்டுக்கொள்ளலாம். மற்ற விவரங்களுக்கு ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலர் அலுவலகம். போகும்போது ஊராட்சிக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் என்னென்ன இருந்தது என்ற பட்டியலையும் கேட்டு வாங்கி வாருங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊராட்சிச் செயலரிடம் பேசினால், பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிற வாலிபாலும் ஸ்கிப்பிங் கயிறும் வெளியே வரும்.